பெரும்பாடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். இந்தப் பக்கத்தை ஆண்களும் படிக்கிறீர்கள். எங்கள் காலத்தில் இந்தப் பேச்சே 'தூரம்', 'வீட்டுக்கு விலக்கு' என்று ஜாடையாகத்தான் நடக்கும். இப்படி வாயை மூடிக்கொண்டிருந்ததால் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் வந்திருந்தாள். வயது 39. சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். ஒன்றரை வருஷமாக மாதத்தில் எட்டு நாள் உதிரப்போக்காம். முதல் மூன்று நாள் வலியில் எழுந்து நிற்க முடியவில்லையாம். ஹீமோகுளோபின் 7.4. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு நாலைந்து வழிகளை வரிசையாக எழுதி, "யோசிச்சிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார்.

"பெரியம்மா, இதில எது நல்லது? அம்மாவுக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்பிலேயே ஆபரேஷன் பண்ணாங்க?"

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. உடனே சொல்ல வாய் வரவில்லை. அவள் போனபிறகு பழைய பிரஞ்சுப் புத்தகங்கள், மருத்துவ சரித்திரக் கட்டுரைகள் என்று கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். பிரஞ்சுப் பள்ளியில் படித்ததன் லாபம் எழுபது வயதுக்கு மேல் இப்படி வந்து சேர்ந்தது.

இந்த வியாதிக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: பெரும்பாடு. சித்த வைத்தியத்தில் உள்ள சொல். பழைய வேதாகம மொழிபெயர்ப்பிலும் அதே சொல்தான். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் வாடிய ஒரு பெண்ணின் கதை சுவிசேஷங்களில் வருகிறது. வைத்தியர்களிடம் கையிருப்பெல்லாம் செலவழித்தும் அவளுக்கு நோய் முற்றியது என்று மாற்கு எழுதுகிறார். லூக்கா வைத்தியர் என்பது மரபு. அவர் எழுதும்போது அந்த 'முற்றியது' என்கிற பகுதியை விட்டுவிட்டார்! குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தன் இலாகாவின் குறையை யாரும் கோப்பில் எழுதமாட்டார்கள்.

பிரஞ்சில் மாதவிலக்குக்கு 'ரெக்ள்' என்று பெயர். ஒழுங்கு, விதி என்று அர்த்தம். பள்ளியில் கோடு போடும் அளவுகோலுக்கும் அதே சொல்தான். அந்த அளவுகோலால் விரல் முட்டியில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் 'ரெக்ள்' எவ்வளவு போனால் அளவு என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே அது 1960கள் வரை சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் வைத்தியர்களுக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான்: சுரண்டுவது, வெட்டுவது. கர்ப்பப்பையின் உள்பக்கத்தைச் சுரண்டும் கரண்டி போன்ற கருவியைக் கொண்டுவந்தவர் பாரீஸ் டாக்டர் ரெக்காமியே. நம் ஊரில் 'சுத்தம் பண்றது' என்று சொல்வார்களே, அதன் ஆரம்பம் அங்கேதான்.

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுப்பது அந்நாளில் ஏறக்குறைய மரண தண்டனை. 1843ல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே என்பவர் செய்தார். மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம். அந்தப் பெண் பிழைக்கவில்லை. 1853ல் அமெரிக்காவின் லோவெல் நகரில் வால்டர் பர்னம் செய்த ஆபரேஷனில்தான் முதன்முறையாக ஒரு பெண் பிழைத்தாள். அதுவும் தற்செயல். சினைப்பைக் கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தார். மயக்க மருந்தினால் வாந்தி வந்து, அந்த வேகத்தில் கர்ப்பப்பைக் கட்டி வெளியே பிதுங்கிவிட்டது. திரும்ப உள்ளே தள்ள முடியாமல் எடுத்தாராம். அதன்பின் அவர் செய்த ஆபரேஷன்களில் பிழைத்தவர்கள் சிலரே.

1872ல் அமெரிக்காவில் ராபர்ட் பேட்டி என்பவர் இன்னொரு வழக்கத்தை ஆரம்பித்தார். மாதவிலக்குத் தொல்லை என்று வந்த பெண்களுக்கு நல்ல நிலையில் இருந்த சினைப்பைகளையே எடுப்பது. வேர் போனால் தொல்லையும் போகும் என்ற கணக்கு. அவரைப் பார்த்து மற்ற நாடுகளிலும் செய்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் இளவயதிலேயே சினைப்பைகளை இழந்தார்கள். அவை எலும்புக்கும் இருதயத்துக்கும் காவல் என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது.

1924ல் பின்லாந்தைச் சேர்ந்த எரிக் ஃபான் வில்லிபிராண்ட் என்ற டாக்டரிடம், அந்நாட்டின் ஓலாந்து தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். சின்னக் காயத்திலும் இரத்தம் நிற்காத குடும்பம். பரம்பரையாக வரும் அந்தக் குறைக்கு இன்று அவர் பெயர்தான். அந்தச் சிறுமி 13 வயதில், தன் நாலாவது மாதவிலக்கில், இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இதைப் படித்துவிட்டு அன்று புத்தகத்தை மூடிவிட்டேன். 'பெண் பிறந்தால் பட்டுத்தானே ஆகணும்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை வீடுகளில் இந்த மாதிரிக் குறைகள் தெரியாமல் போயிருக்கும்!

இந்தச் சரித்திரத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட ஊர் சுவீடனின் கோத்தன்பர்க். அங்கே லீஃப் ஹால்பெர்க் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 476 பெண்களிடம் அவர்கள் உபயோகித்த துணி, பஞ்சு எல்லாவற்றையும் வாங்கி, அதிலிருந்த இரத்தத்தை இரசாயன முறையில் பிரித்து அளந்தார்கள். 1966ல் முடிவை வெளியிட்டார்கள். மாதம் 80 மில்லிக்கு மேல் போனால் உடம்பில் இரும்புச் சத்து குறைந்து சோகை வருகிறது என்று தெரிந்தது. 80 மில்லி என்றால் நம் காபி டம்ளரில் ஏறக்குறைய பாதி. அதற்கு மேல் போன பெண்களிலேயே பலர், 'எனக்குச் சாதாரணமாகத்தான் போகிறது' என்று நம்பியிருந்தார்கள்.

கத்தி இல்லாத வழிகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் டிரானெக்சாமிக் அமிலத்தைக் கண்டுபிடித்து 1962ல் வெளியிட்டார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நின்றவர் அந்த அம்மாள். பிரசவ இரத்தப்போக்கில் பெண்கள் சாவதைத் தடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பெருக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடுகிற அந்த மாத்திரை போக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது. வலிக்குக் கொடுக்கும் மெஃபெனாமிக் அமிலமும் போக்கைக் கொஞ்சம் குறைக்கும்.

நம் நாட்டின் பங்கும் உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த ஒர்மெலாக்சிபீன் கருத்தடைக்காக வந்த மாத்திரை. 'சஹேலி' என்ற பெயர் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பெரும்பாட்டுக்கும் அதைக் கொடுக்கிறார்கள்.

பின்லாந்தில் டபானி லூக்கைனென் என்பவர், கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோனை விடும் சாதனம் ஒன்றை உருவாக்கினார். 1990ல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. கருத்தடைக்கென்று செய்ததுதான். ஆனால் வைத்துக்கொண்ட பெண்களுக்கு உதிரப்போக்கு பெருமளவு குறைந்தது, சிலருக்கு நின்றே போனது. ஆரம்ப மாதங்களில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டிருக்கும், அதற்குப் பொறுமை வேண்டும் என்கிறார்கள்.

1995ல் பாரீஸ் லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரவினா ஒரு விசித்திரத்தைக் கண்டார். நார்க்கட்டி ஆபரேஷனில் இரத்தச் சேதம் குறையட்டும் என்று, முன்கூட்டியே கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைத்து வைத்தார்கள். தேதி வருவதற்குள் பல பெண்களுக்குத் தொல்லை தீர்ந்துவிட்டது. "எங்களுக்கு ஆபரேஷனே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம். தொடையில் ஊசித் துளை அளவில் நுழைந்து செய்யும் இந்த முறை இப்போது நம் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுக்காமல் அதன் உள்தோலை மட்டும் சூட்டால் கருக்கும் முறையும் உண்டு. இனிப் பிள்ளை வேண்டாம் என்றவர்களுக்குத்தான் அது.

இத்தனை வழிகள் வந்தும் நம் நாட்டில் நடப்பது வேறு. 2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்களைக் காரணம் கேட்டபோது, அதிகம் பேர் சொன்னது உதிரப்போக்கும் வலியும்தான். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், விலக்கு நாளில் கூலி போகிறதே என்று இளவயதிலேயே எடுத்துக்கொண்ட செய்தியை 2019ல் பேப்பரில் படித்திருப்பீர்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த தேவையில்லாத ஆபரேஷன்கள் பற்றிய வழக்கில், இவற்றைத் தடுக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் அமல்படுத்தவேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்போது என் தங்கை விஷயம்.

1986. அவளுக்கு 34 வயது. இரண்டாவது குழந்தை கைக்குழந்தையாக இருந்தது. போன மாசம் தாளோடு வந்தாளே, அவள்தான். பிரசவத்துக்குப் பிறகு தங்கைக்குப் பெரும்பாடு. அசோகப் பட்டைக் கஷாயம், வாழைப்பூ என்று அம்மா பார்த்தது எதுவும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்காரர் சொல்தா, பிரஞ்சு இராணுவத்தில் வெளிநாட்டில் இருந்தார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "எடுத்துடலாம், நிம்மதி" என்றார்கள். வீட்டு மனுஷர் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். போட்டேன்.

38 வருஷ உத்தியோகத்தில் படிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாதவள் நான். மூன்று ரூபாய் தபால் செலவு பில்லைக்கூட இரண்டு தரம் படிப்பேன். அந்தத் தாளை மட்டும் படிக்கவில்லை. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள் என்பது வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் தங்கைக்கு இராத்திரியெல்லாம் உடம்பு நெருப்பாகக் காயும். 56 வயதில் குளியலறையில் இலேசாகச் சறுக்கியதற்கே முதுகெலும்பு நொறுங்கியது. இன்றைக்கு அவள் கூன் விழுந்து நடக்கிறாள். அந்த ஆபரேஷனால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். ஆனால் பேட்டியின் கதையைப் படித்தபோது என் கை நடுங்கியது.

ஆபரேஷனே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. புற்றுநோய்க்கும், வேறு எதற்கும் கட்டுப்படாத பெருக்குக்கும் அது உயிர் காக்கிற வழி. பக்கத்து வீட்டு அக்காள் ஒருத்தி செய்துகொண்டு, 'இப்பதான் மனுஷியா இருக்கேன்' என்று சந்தோஷமாக இருந்தாள்.

இன்னொரு செய்தியையும் படித்தேன். 2007ல் இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ வழிகாட்டி அந்த 80 மில்லிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டது. எவ்வளவு போனாலும் சரி, அந்தப் பெண்ணின் வாழ்க்கையை அது கெடுக்கிறதா என்பதுதான் இனி அளவு. அதை அவளைத்தான் கேட்கவேண்டும் என்று எழுதினார்கள். சுரண்டி, வெட்டி, அளந்து, கடைசியில் வந்து சேர்ந்தது இங்கே.

அதைப் படித்த மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். 38 வருஷம் கழித்துக் கேட்டேன்.

"அன்னிக்கு உன்னை யாரும் கேக்கலையே. எல்லா வழியும் சொல்லிக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எடுத்துடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்க்கா. அவ்வளவு கஷ்டப்பட்டேன். ஆனா அந்த ரெண்டையும் விட்டு வைக்கச் சொல்லியிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "கேட்டிருக்கலாம்," என்றாள்.

அவ்வளவுதான். அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எனக்குக் காபி போட எழுந்து போனாள்.

மகளுக்கு இரும்புச் சத்து ஏற்றியாகிவிட்டது. தைராய்டும் இரத்தம் உறையும் சக்தியும் பார்த்தாகிவிட்டது, குறையில்லை. அடுத்த வாரம் மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறாள். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள். எந்த வழி என்பதை அவள்தான் சொல்லவேண்டும். நான் மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போவேன். அவர்கள் நீட்டும் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். கையெழுத்தை அவளே போடட்டும்.