முஷ்டி உயர்ந்ததற்கு முந்தைய நாள்



1968 அக்டோபர் 16. மெக்சிகோ ஒலிம்பிக் பதக்க மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். அந்தப் படம் நம் தோழர்கள் பலரின் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கு முந்தைய நாள் அதே மைதானத்தில் ஒரு கறுப்பினப் பெண் 100 மீட்டரை 11.0 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார். பெயர் வயோமியா டையஸ். 1964 டோக்கியோவிலும் அவரே முதலிடம். அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளில் 100 மீட்டர் தங்கத்தை வென்ற முதல் மனிதர் அவர்தான். அதுவரை எந்த ஆணும் அதைச் செய்ததில்லை. அவர் படம் நம் சுவர்களில் இல்லை.

1945இல் ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபினில் பிறந்தவர் டையஸ். அப்பா பால் பண்ணைத் தொழிலாளி, அம்மா சலவைத் தொழிலாளி. நடந்து போகும் தூரத்தில் வெள்ளையர் பள்ளி இருந்தது. இவரோ ஒரு மணி நேரம் பேருந்தில் போய்ப் படித்தார். ஊர்ப் பள்ளிக்கும் சேரிக்கும் இடையே உள்ள தூரத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவரை வளர்த்தெடுத்தது டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம். கறுப்பின மக்களுக்கான கல்வி நிறுவனம் அது. அங்கே பயிற்சியாளர் எட் டெம்பிள் உருவாக்கிய பெண்கள் அணிக்கு ‘டைகர்பெல்ஸ்’ என்று பெயர். பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை இல்லாத காலம். வளாகத்தில் வேலை செய்துகொண்டே படித்தார்கள், ஓடினார்கள். அந்த அணியிலிருந்து 40 பேர் ஒலிம்பிக்குக்குப் போனார்கள்.

1967இல் சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ் முன்னின்று, மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கத்தைத் தொடங்கினார். ஒலிம்பிக்கைப் புறக்கணிப்பதா என்று கறுப்பின வீரர்கள் விவாதித்தார்கள். வீராங்கனைகளை யாரும் கலந்துகொள்ளவில்லை. ஆண்கள் முடிவெடுத்தால் பெண்கள் பின்தொடர்வார்கள் என்பது எண்ணம்.

டையஸ் யாருடைய அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. அணியின் வெள்ளைக் கால்சட்டைக்குப் பதிலாகக் கருநிறக் கால்சட்டை அணிந்து ஓடினார். அதுவே அவருடைய எதிர்ப்பு. ஸ்மித்தும் கார்லோசும் அணியிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்று, அந்த வெற்றியை அவர்கள் இருவருக்கும் உரியதாக்கினார். கால்சட்டையை எந்த ஒளிப்படக்காரரும் எதிர்ப்பாகப் பார்க்கவில்லை. 20 ஆண்டுகள் கழித்துக் கார்ல் லூயிஸ் இரண்டாவது தங்கம் பெற்றபோது, டையஸ் இதை முன்பே செய்தவர் என்று பலருக்கு நினைவில்லை.

அவர் அதற்குப் பிறகும் ஓய்ந்துவிடவில்லை. பில்லி ஜீன் கிங் 1974இல் தொடங்கிய பெண்கள் விளையாட்டு அறக்கட்டளையின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரானார். 2018இல் தன் கதையைத் தானே நூலாகக் கொண்டுவந்தார்.

1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ், கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தது. போர்க்குணத்தையும் எடுத்துக்கொண்டோம். கூடவே, பெண்களை மறக்கும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டோமா? அல்லது அது முன்பே நம்மிடம் இருந்ததா? மறியலில் கைதான பெண்கள் எத்தனை பேர் நம் துண்டறிக்கைகளில் பெயரோடு இருக்கிறார்கள்? கூட்டத்துக்குச் சோறு வடித்தவரிடம் தீர்மானத்தின் வரைவைக் காட்டினோமா?

சாதியை எதிர்த்து நிற்பதாலேயே நமக்குள் இருக்கும் ஆணாதிக்கம் தானாகக் கழன்றுவிடாது. மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் போராட்டப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் தெரியாமல் நிற்கும் பெண்கள் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.