ஏப்ரலில் தொடங்கும் ஆட்டம்



போன ஏப்ரலில் மகள் வீட்டுக்கு, ஸ்வீடனில் உள்ள கோத்தன்பர்க் நகருக்குப் போயிருந்தேன். நம்ம ஊரில் கத்திரி நெருங்கும் நேரம், அங்கே நான் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, அதற்கு மேல் மருமகனின் கம்பளிக் குல்லாய் என்று திரிந்துகொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் மருமகன், "மாமா, மேட்ச்சுக்குப் போலாமா?" என்றார். காம்லா உல்லெவி என்ற மைதானம். கால்பந்து லீக் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கிரிக்கெட் தவிர வேறொன்றும் தெரியாத நான், போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். ஆட்டம் பாதிதான் புரிந்தது. ஆனால் நாற்பது வருஷம் வரலாறு நடத்தியவனுக்குக் கேள்வி வராமல் இருக்குமா? ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிக்கிறார்கள். இவர்கள் ஏன் இந்தக் குளிரில் தொடங்குகிறார்கள்?

திரும்பி வந்து படித்ததைத்தான் எழுதுகிறேன்.

இந்த லீக்குக்கு 'ஆல்ஸ்வென்ஸ்கான்' என்று பெயர். அனைத்து ஸ்வீடனுக்குமானது என்று பொருள். 1924 ஆகஸ்டில் 12 அணிகளோடு தொடங்கியது. முதல் வருஷம் முதலிடம் பிடித்தது கோத்தன்பர்க்கின் 'கைஸ்' என்ற அணி. பச்சை கறுப்புப் பட்டை போட்ட சட்டை என்பதால் அவர்களுக்குக் கானாங்கெளுத்தி மீன் என்று செல்லப்பெயர். வேடிக்கை என்னவென்றால், லீக்கில் முதலிடம் பெற்றாலும் 'ஸ்வீடன் சாம்பியன்' என்ற பட்டம் அப்போது கிடையாது! அது 1931இல்தான் லீக்கோடு சேர்ந்தது. அந்த வருஷமும் ஜெயித்தது கைஸ்தான்.

அப்போது அவர்களும் மற்றவர்களைப்போல ஆகஸ்டில்தான் தொடங்கினார்கள். ஆனால் அந்த நாட்டுக் குளிர் சும்மா விடுமா? இலையுதிர் காலத்தோடு ஆட்டம் நின்றுவிடும். தரை உறைந்து கிடக்கும். பனி உருகி ஏப்ரல் வந்தபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நம்ம அரைப்பரீட்சை முடிந்து ஐந்து மாதம் லீவு விட்டு, பிறகு முழுப்பரீட்சைக்குப் பாடம் நடத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஏப்ரல் என்பது பாதிக்கதை. மாற்றியது எப்போது? 1957இல் தொடங்கிய சீசனை 1958 இலையுதிர்காலம் வரை இழுத்து, ஒவ்வொரு அணியும் வழக்கமான 22க்குப் பதில் 33 ஆட்டம் ஆடி முடித்தார்கள். நடுவில் 1958 உலகக் கோப்பையையும் அவர்கள் நாட்டிலேயே நடத்தி, இறுதிப் போட்டியில் பிரேசிலிடம் 5-2 என்று தோற்றார்கள். 1959 முதல் வசந்தத்தில் தொடக்கம், இலையுதிர்காலத்தில் முடிவு. இன்றைக்கு 16 அணிகள், 30 ஆட்டங்கள்.

இதைவிட என்னை அதிகம் உட்கார்த்தி வைத்தது இன்னொரு கதை. அந்நாட்டில் பந்து ஆடுகிறவன் அதற்குக் காசு வாங்கக்கூடாது என்று வெகுகாலம் சட்டம் இருந்தது. பகலில் ஆலையிலோ தீயணைப்பு நிலையத்திலோ வேலை. மிச்ச நேரத்தில் ஆட்டம். 1934இல் மால்மோ அணி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததாகப் புகார் போனது. புகார் கொடுத்தது வேறு யாருமில்லை, அதே ஊரின் இன்னொரு அணி! (பங்காளிச் சண்டை எந்த ஊரில் இல்லை?) சீசன் நடுவிலேயே மால்மோவைத் தூக்கிக் கீழ்ப்பிரிவில் போட்டார்கள். அவர்கள் திரும்ப ஏறி வந்து முதல் பட்டம் வாங்க 1944 ஆயிற்று. இன்று அந்நாட்டில் அதிக முறை சாம்பியன் ஆன அணி அதுதான்.

குன்னார் நோர்டால் என்று ஒரு பெரிய ஆட்டக்காரர். 1948 ஒலிம்பிக்கில் ஸ்வீடனுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். 1949இல் இத்தாலியின் மிலான் அணிக்குச் சம்பளத்துக்குப் போனார். அவ்வளவுதான், 1950 உலகக் கோப்பையில் நாட்டுக்காக ஆட இடமில்லை. உள்நாட்டில் இந்தத் தடை 1967இல்தான் முழுதாகப் போனது. நேர்மை என்ற பெயரில் கூலிக்காரன் வயிற்றில் அடித்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் அதே பிடிவாதம் வேறொரு விதத்தில் நன்மையும் செய்திருக்கிறது. இன்றும் அங்கே கிளப்பின் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்கவேண்டும். எந்தப் பணக்காரரும் மொத்தமாக வாங்கிவிட முடியாது. வீடியோ நடுவர் முறை வேண்டாம் என்று 2024இல் முடிவெடுத்ததும் ரசிகர்கள் நிறைந்த அந்த உறுப்பினர் கூட்டங்களின் குரலால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று மைதானத்தில் மருமகன் போனில் புள்ளிப் பட்டியலைக் காட்டினார். மியெல்பி என்ற பெயரைப் பார்த்து, "இது எந்த ஊர்?" என்று கேட்டேன். தெற்கே கடலோரத்தில் ஹெல்லெவிக் என்ற மீனவக் கிராமம், ஆயிரம் பேர்கூட இருக்கமாட்டார்கள் என்றார். 2018இல் மூன்றாம் படியில் கிடந்த அணி. "இப்ப தொடக்கம்தானே மாமா, போகப்போகக் கீழே வந்திடும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அப்படித் தலையாட்டியது எனக்குப் புதிதல்ல. பல வருஷம் முன்னால், ஜூனில் பள்ளி திறந்து முதல் இடைத்தேர்வில் ஒரு பையன் பதினொரு மார்க் வாங்கினான். அவன் அப்பாவை வரச்சொல்லி, "இவன் தேறமாட்டான், ஏதாவது தொழிலுக்கு அனுப்புங்க" என்றேன். வாத்தியார் சொன்னால் வேதவாக்கு என்றிருந்த காலம். மறுவாரமே லேத் பட்டறையில் விட்டுவிட்டார். அவன் ஒரு வருஷம் கழித்துத் தானாகத் திரும்பி வந்து, எனக்குத் தெரியாமல் வேறு பள்ளியில் சேர்ந்து படித்தான். அவன் யார் என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும்.

போன தீபாவளிக்கு மறுநாள் காலை போனைத் திறந்தால் மகளிடமிருந்து படம் வந்திருந்தது. மியெல்பி சாம்பியன்! 2025 அக்டோபர் 20, நாம் இங்கே வெடி வெடித்து முடித்துப் படுத்த பிறகு, நான் உட்கார்ந்திருந்த அதே காம்லா உல்லெவியில் கோத்தன்பர்க் அணியை 2-0 என்று ஜெயித்திருக்கிறார்கள். இன்னும் மூன்று ஆட்டம் பாக்கி இருக்கும்போதே பட்டம். சீசன் முடிவில் 75 புள்ளி, லீக் வரலாற்றிலேயே அதிகம். முப்பது ஆட்டத்தில் தோற்றது ஒன்றே ஒன்று. பயிற்சியாளர் ஆண்டர்ஸ் டோர்ஸ்டென்சன் யார் தெரியுமா? முன்னாள் பள்ளித் தலைமையாசிரியர்.

அதைப் படித்ததும் பலகாரத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். பையன் என்ன பையன், அவன் மகளே இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "என்ன சார், காலையிலேயே? உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றான். கால்பந்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையாகக் கேட்டான். பதினொரு மார்க்கைப் பற்றி அன்றும் வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவன் இதைப் படிப்பான்.