முத்திரையிட்ட உறை: கடற்படைக் கட்டுரைப் பரிசுகள் குறித்துச் சில குறிப்புகள்

கடற்படையில் ஒருவர் எந்தப் பதவியில் இருக்கிறார் என்பதை அவருடைய சட்டைக்கையின் பொன்னிறப் பட்டைகளே அறிவித்துவிடும். அவர் வாய் திறக்குமுன்பே அவர் சொல்லின் எடை முடிவாகிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஒழுங்கிற்குள் சிறியதொரு விதிவிலக்கு நுழைந்தது. கட்டுரைப் போட்டிக்கு எழுதும் அதிகாரி தாளில் தம் பெயரைக் குறிப்பதில்லை. ஒரு குறிமொழியை மட்டும் எழுதுவார். பெயர் தனியே ஓர் உறையில் முத்திரையிடப்பட்டிருக்கும். நடுவர்களின் தீர்ப்புக்குப் பிறகே உறை பிரிக்கப்படும். அதுவரை லெப்டினன்டும் கேப்டனும் சமம்.

அமெரிக்காவில் இம்முறை வேரூன்றிய காலம் அதன் கடற்படைக்குச் சோர்வான காலம். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் கப்பல்கள் குறைக்கப்பட்டன. பதவி உயர்வு ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஐரோப்பாவில் இரும்புக் கவசக் கப்பல்கள் பெருகிவந்தபோது, இங்கே நிலக்கரியைச் சேமிக்கப் பாய் விரித்தே செல்லவேண்டும் என்று உத்தரவு. இந்நிலையில் 1873 அக்டோபரில் அனாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் பதினைந்து பேர் கூடி அமெரிக்கக் கடற்படை நிறுவனத்தைத் தொடங்கினர். அது அரசுத்துறை அன்று. உறுப்பினர்கள் தாமே நடத்திய சங்கம். அடுத்த ஆண்டே ‘புரொசீடிங்ஸ்’ என்ற அதன் இதழ் வெளிவந்தது. சில ஆண்டுகளில் பரிசுக் கட்டுரைப் போட்டியும் தொடங்கியது.

1879ஆம் ஆண்டுப் போட்டியின் பொருள் கடற்படைக் கல்வி. முதற்பரிசு லெப்டினன்ட் கமாண்டர் ஆலன் பிரவுனுக்குக் கிடைத்தது. இன்று அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலர். மூன்றாமிடம் பெற்றவர் அப்போது அனாபொலிஸில் பணியாற்றிய ஒரு கமாண்டர். பெயர் ஆல்ஃபிரட் தேயர் மஹான். அச்சில் வந்த அவருடைய முதல் முக்கியமான எழுத்து இதுவே. கணிதமும் பொறியியலும் மாணவர்களின் நேரத்தை விழுங்கிவிடுகின்றன. பொறுப்பேற்கும் துணிவும் விரைந்து முடிவெடுக்கும் திறனும் மொழி, இலக்கியம் போன்ற மானிடக் கல்வியால்தான் வளரும் என்பது அவர் வாதம். நீராவி இயந்திரமே எதிர்காலம் என்று பலரும் நம்பிய நேரத்தில் எழுந்த மாற்றுக்குரல் அது. வாதம் முழுதும் சரி என்று சொல்வதற்கில்லை. பொறியாளர்களிடம் அவர் காட்டிய மேட்டிமை இன்று வாசிக்கையில் உறுத்துகிறது.

பரிசுக் குழு ஒரு மேதையைத் தவறவிட்டது என்று இக்கதையைச் சொல்வது வழக்கம். அது பின்னோக்கிப் பார்க்கும் பார்வை. 1879இன் மஹான் கடல் வல்லமைக் கோட்பாட்டின் ஆசிரியர் அல்லர்; அந்த எண்ணமே அப்போது அவரிடம் இல்லை. ஸ்டீஃபன் லூஸ் 1884இல் நியூபோர்ட்டில் நிறுவிய கடற்படைப் போர்க் கல்லூரிக்கு விரிவுரையாளராக அழைக்கப்பட்டபின், லிமா நகரின் ஆங்கிலேயச் சங்க நூலகத்தில் மாம்சனின் ரோமானிய வரலாற்றைப் படித்தபோதுதான் அது பிறந்தது. ஆகவே, யாருக்கு முதலிடம் என்பதைவிட, உறை பிரிக்கப்பட்டபின் எழுதியவருக்கு என்ன நேர்ந்தது என்பதே வரலாற்று மாணவர் கேட்கத்தக்க கேள்வி.

மஹானுக்கு நேர்ந்தது தெரிந்ததே. 1890இல் வெளிவந்த அவருடைய நூல் உலகப்புகழ் பெற்றது. ஆனால் 1893இல், கரையிலிருந்து எழுத்தைத் தொடர விரும்பிய அவரை ‘சிகாகோ’ கப்பலுக்குத் தலைவராக அனுப்பினார்கள். நூல் எழுதுவது கடற்படை அதிகாரியின் வேலையன்று என்பது பணியமர்த்தும் பிரிவின் தலைவர் ஃபிரான்சிஸ் ராம்சேயின் கருத்து. மறு ஆண்டு அதே கப்பல் இங்கிலாந்தில் நின்றிருந்தபோது ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அவருக்குக் கௌரவப் பட்டங்கள் அளித்தன.

பிரிட்டனிலும் பரிசு இருந்தது. 1878இல் லண்டன் ராயல் யுனைடெட் சர்வீஸ் நிறுவனத்தின் கடற்படைப் பரிசுக் கட்டுரையை எழுதியவர் கேப்டன் ஃபிலிப் கொலம்ப். மஹானுக்கு முன்பே கடற்போரை வரலாற்றுவழி ஆராயத் தொடங்கியவர். இந்தியாவில் 1870இல் சிம்லாவில் கர்னல் மக்ரிகர் தொடங்கிய யுனைடெட் சர்வீஸ் நிறுவனமும் மறு ஆண்டே தங்கப்பதக்கக் கட்டுரைப் போட்டியை ஏற்படுத்தியது. அன்று அது பிரிட்டிஷ் அதிகாரிகளின் களம். இன்று டெல்லியிலிருந்து முப்படையினருக்கும் உரியதாக இயங்குகிறது.

பரிசின் பாதுகாப்பு தீர்ப்புநாள்வரைதான் என்பதை உணர்ந்தவர்கள் வேறொரு வழியை நாடினர். 1912இல் ஹெர்பர்ட் ரிச்மண்டும் நண்பர்களும் ஒன்றுகூடினர். மறு ஆண்டு ‘நேவல் ரிவ்யூ’ வெளிவந்தது. பரிசு இல்லை, கட்டுரைகளில் பெயரும் இல்லை. உறுப்பினர்க்கு மட்டும் சுற்றுக்கு விடப்பட்ட இதழ். உறையை என்றும் பிரிக்காமலே வைத்துவிட்டார்கள் எனலாம். ஆனால் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் அட்மிரால்டி அவ்விதழையே நிறுத்தியது. 1919இல்தான் அது மீண்டும் வந்தது. ஆளின் பெயரை மறைக்கலாம். இதழின் பெயரை மறைக்க இயலாதே.

அதே 1915இல் வாஷிங்டனில் நடந்ததையும் இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1905ஆம் ஆண்டுப் பரிசுக் கட்டுரையை எழுதியவர் பிராட்லி ஃபிஸ்க். கருவிகள் பல கண்டுபிடித்தவர். 1911 முதல் கடற்படை நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். கடற்படைக்கு ஒரு தலைமைப் பணியகம் வேண்டும் என்று நெடுநாள் வாதாடிய அவர், கடற்படைச் செயலர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் இசையாததால், காங்கிரஸ் உறுப்பினர் ஹாப்சனின் துணையோடு அதற்குச் சட்டவடிவம் தேடினார். டேனியல்ஸ் அதன் அதிகாரங்களைக் குறைத்தார். எனினும் அவ்வாண்டு மார்ச்சில் கடற்படை நடவடிக்கைத் தலைவர் என்ற பதவி உருவாயிற்று. ஃபிஸ்க் அட்மிரல், ஆனால் அப்பதவிக்கு டேனியல்ஸ் தேர்ந்தெடுத்தது வில்லியம் பென்சன் என்ற கேப்டனை. ஃபிஸ்க் 1923 வரை நிறுவனத்தின் தலைவராகத் தொடர்ந்தார். கட்டுரைப் போட்டியும் ஆண்டுதோறும் நடந்துவந்தது.