மகவேற்பு

இலங்கைச் சட்டத்தமிழ் வழங்கும் இச்சொல், மகவு, ஏற்பு என்பவற்றின் புணர்ச்சி. இதே பொருளில் வழங்கும் 'தத்து' கொடுக்கப்பட்டது எனவும், 'சுவீகாரம்' தனதாக்கிக் கொள்ளுதல் எனவும் பொருள்படும் வடசொற்களின் வழிவந்தவை. சொற்களைப் போலவே இலங்கையில் வழமைகளும் வேறுபட்டன: 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்து வழமைச்சட்டமான தேசவழமை, பிள்ளையைச் சுவீகரிப்போர் மஞ்சள்நீர் பருகும் சடங்கைக் கூற, கண்டியின் பழஞ்சட்டமோ, எத்தனை ஆண்டு சோறூட்டி வளர்த்தாலும், தன் சொத்துக்கு உரியவனாக ஏற்றதைப் பலரறியப் பிரகடனஞ் செய்தாலன்றி வளர்ப்புப்பிள்ளை வாரிசாகான் என விதித்தது, அத்துணைக் கண்டிப்பு (சிலேடை தற்செயலே!). 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச்சட்டம் நீதிமன்றத்தின் ஆணையை அவசியமாக்கிற்று. மீண்டும் சொல்லுக்கு வந்தால், மூன்று சொற்களுள்ளும் பிள்ளையைத் தன்னுள்ளே வைத்திருப்பது மகவேற்பு ஒன்றே. ஆதலின் தமிழகத்தாரும் இதனைக் கைக்கொள்ளலாம்.