கையைப் பழக்குவதா, வெட்டை மாற்றுவதா?

ஒரு நிறுவனத்தில் வேலை எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. வேலை செய்யும் முறையை மாற்றலாம். அல்லது வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே வருடத்தில் பணம் ஒதுக்க மாட்டார்கள். அதனால் சிக்ஸ் சிக்மாவா, லீனா, கைசனா, இல்லை ஆட்களை மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பினால் போதுமா என்று கூட்டங்களில் பேச்சு ஓடும். பொறியாளனாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்டுவரும் பேச்சு இது.

கேள்வி என்னவோ பழையதுதான். கலும்பாங், கெர்லிங் தொடங்கிக் கோல சிலாங்கூர் வரை வட சிலாங்கூரில் பரந்துகிடந்த தோட்டங்கள் நூறு வருடங்களுக்கு மேலாக இதற்குப் பதில் தேடியிருக்கின்றன. நம் தாத்தா பாட்டிகளின் கைகளை வைத்துத்தான் தேடின.

ரப்பரிலிருந்து தொடங்குவோம். 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரம் வந்ததே தவிர, அதிலிருந்து தொடர்ந்து பால் எடுப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தை ஆங்காங்கே கொத்திப் பால் எடுத்தார்கள். காயம் ஆறாது, மரம் கெடும். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி வேறு வழியைக் கண்டார். புதிய இடத்தில் கொத்தாமல், முதல் வெட்டின் ஓரத்தையே மெல்லிய சீவலாக மறுபடி மறுபடி சீவினால் பால் கூடுகிறது, பட்டையும் மீண்டும் வளர்கிறது. 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டபோது, இந்த வெட்டு முறை இருந்ததால்தான் அது தொழிலாக நிலைத்தது. இது சுத்தமான முறை மாற்றம். பிரேசில்காரர்களுக்கு எத்தனை வருடம் பயிற்சி கொடுத்திருந்தாலும் கோடரியால் இந்தப் பலன் வந்திருக்காது.

ஆனால் ரிட்லியின் முறை தன்னால் வேலை செய்யாது. அதற்கு ஒரு கை வேண்டும். பால்குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. ஆகவே வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். மரம் வளரும் உள்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் கத்தி நிற்க வேண்டும். அதைவிட மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்டவே முடியாது. விடியுமுன்னே, தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரு நிரையில் சுமார் 500 மரம். ஒவ்வொன்றிலும் அந்த ஒரு மில்லிமீட்டர்.

இதைக் கையில் ஏற்றத் தோட்டங்கள் பயிற்சி வைத்தன. மறுநடவுக்காக அழிக்கப்போகும் கிழட்டு மரங்களில் புதியவர்களைப் பழக விட்டார்கள். பிறகு மேற்பார்வை. பட்டையில் குறி போட்டு, ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான் சீவலாம் என்று அளந்தார்கள். காயங்களை எண்ணினார்கள். எண்ணிக்கை கூடினால் ஏச்சு.

இங்கேதான் முதல் சிக்கல். காயம் ஏன் விழுகிறது? கை சரியாகப் பழகாததால் இருக்கலாம், அதற்குப் பயிற்சிதான் மருந்து. ஆனால் பாலின் எடைக்கு ஏற்பக் கூலி, அதே வேளையில் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய 500 மரம் என்றால், நன்றாகப் பழகிய கையும் அவசரத்தில் ஆழமாகத்தான் இறங்கும். அந்தக் காயத்தைக் கத்தி போடவில்லை, கூலிக் கணக்கு போடுகிறது. அவரை மறுபடியும் கிழட்டு மரத்துக்கு அனுப்பி என்ன பயன்? தர மேலாண்மையின் ஆசான்களில் ஒருவரான எட்வர்ட்ஸ் டெமிங், கோளாறுகளில் 94 விழுக்காடு அமைப்பைச் சேர்ந்தவை, அதற்கு நிர்வாகமே பொறுப்பு என்று மதிப்பிட்டார். அந்த எண் துல்லியமான அளவு அல்ல. ஆனாலும் எந்தப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

முறையை ஆராய 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவானது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம். மரத்தைத் தினமும் வெட்டுவதா, ஒருநாள் விட்டு ஒருநாளா? சுற்றளவில் பாதியா, முழுவதுமா? அதிகம் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும், அதை எப்படித் தவிர்ப்பது? எல்லாம் அங்கே பல ஆண்டுகள் அளந்து பார்க்கப்பட்டன. 1968இல் எத்திபான் என்ற மருந்தைப் பட்டையில் தடவினால் பால் நெடுநேரம் ஒழுகும் என்று கழகத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையை எழுதிய மூவரில் பாக்கியநாதன் என்ற பெயரும் உண்டு. உலக ரப்பர் தொழிலையே மாற்றிய வேலை அது.

ஆக, தோட்டத்தில் இரண்டும் நடந்தன, முறை மாற்றமும் பயிற்சியும். ஆனால் வேறு வேறு ஆட்களுக்கு. முறையைப் பற்றி யோசிப்பது ஆராய்ச்சிக் கழகம், துரை. பயிற்சி பெறுவது வெட்டுகிறவர். நடுவில் கிராணியும் தண்டலும் உத்தரவைக் கீழே கொண்டுபோனார்கள். மேலே எதையும் கொண்டுபோகும் வேலை அவர்களுக்கு இல்லை. எந்த மரம் களைத்திருக்கிறது, எந்தச் சரிவில் மழைத்தண்ணீர் மங்குக்குள் இறங்குகிறது என்று நாள்தோறும் அதே 500 மரத்தைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். "எப்படி வெட்டணும்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். "ஏன் அப்படி வெட்டணும்" என்பது பாடத்தில் இல்லை.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது மரம் மாறியபோது தெரிந்தது. மாற்றத்தின் விதையும் நம் வட்டாரத்தில்தான் விழுந்தது. 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. இலக்கிய வாசகர்கள் அவரை வேறு விதத்தில் அறிந்திருக்கலாம். மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்றவர் அவர். 1990 வாக்கில் மலேசியாவில் செம்பனையின் பரப்பு ரப்பரைத் தாண்டிவிட்டது. செம்பனைக்கு ஏக்கர் கணக்கில் ஆள் குறைவாகப் போதும். அந்த ஒரு மில்லிமீட்டர் திறமைக்கு அங்கே வேலையே இல்லை.

செம்பனையிலும் அதே கதை வேறு வடிவில் வந்தது. ஆப்பிரிக்காவில் தானாகக் காய்த்த மரம் இங்கே பல தோட்டங்களில் சரியாகப் பிடிக்கவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்பது அன்றைய நம்பிக்கை. காற்று போதவில்லை என்றால் ஆளை வைத்துச் செய்வோம் என்று, மரம் மரமாகப் போய்ப் பெண்பூ மலர்ந்திருக்கும் ஓரிரு நாட்களுக்குள் மகரந்தப் பொடியை ஊதப் பழக்கினார்கள். யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சனுக்கு அந்த நம்பிக்கையிலேயே சந்தேகம். பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்றல்ல, ஒரு சின்னக் கூன்வண்டு. 1981இல் அந்த வண்டை இங்கே விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே ஊதும் வேலை தேவையற்றுப் போனது, குலைகள் நன்றாகப் பிடித்தன.

பயிற்சி வீண், முறைதான் எல்லாம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊதியவர்களின் கையில் குறை எதுவும் இல்லை. மரத்தைப் பற்றிய புரிதலில்தான் குறை. புரிதலில் உள்ள ஓட்டையை அடைக்க உழைப்பையும் பயிற்சியையும் கொட்டினார்கள், அவ்வளவுதான்.

இரண்டையும் பிரிக்காமல் செய்ய முடியும் என்பதற்கும் வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா, அனுபவமில்லாத ஆட்களை வைத்து ஆயுதத் தொழிற்சாலைகளை ஓட்ட 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்ற திட்டத்தை 1940 முதல் 1945 வரை நடத்தியது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சான்றிதழ் பெற்றார்கள். மேற்பார்வையாளர்களுக்கு அது கற்றுத்தந்தவை முக்கியமாக மூன்று: வேலையைச் சொல்லிக்கொடுப்பது, வேலையின் முறையைச் சீர்செய்வது, ஆட்களோடு பழகுவது. வேலையைச் சொல்லிக்கொடுக்கிறவரே அதைத் திருத்தவும் வேண்டும். போருக்குப் பிறகு இந்தத் திட்டம் ஜப்பானுக்குப் போனது. கைசன் என்று நாம் இன்று காசு கொடுத்துக் கற்பதன் வேர்களில் ஒன்று இது. நம் தண்டலுக்கு அந்த இரண்டாவது பாடம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மலேசியாவில் 1993இல் மனிதவள மேம்பாட்டு நிதி வந்தது. முதலாளிகள் சம்பளத் தொகையில் 1 விழுக்காடு செலுத்தி, பயிற்சிக்காகத் திரும்பப் பெறலாம். முதலில் உற்பத்தித் தொழிற்சாலைகளுக்குத்தான் அது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பயிற்சிக்கான பணம் தனியாக ஒதுங்கிக் காத்திருக்கிறது, முறையை மாற்ற வேண்டுமானால் நிறுவனம் கைக்காசு போட வேண்டும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் "ட்ரெய்னிங் கொடுத்தாச்சா?" என்ற கேள்விதான் முதலில் வரும். மலிவாகக் கிடைக்கும் மருந்துக்கு ஏற்ற மாதிரி நோயைக் கண்டுபிடிக்கிறோம்.

ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு சோதனையைச் சொல்வேன். அந்த வேலையை மிக நன்றாகச் செய்கிற ஒருவரை, அதே நேரக்கெடுவில், அதே கருவியோடு, அதே கூலிக்கு அங்கே நிறுத்திப் பாருங்கள். அவரும் தவறினால் முறையை மாற்றுங்கள், அங்கே பயிற்சி வெறும் தண்டனை. அவர் தவறாமல் செய்து, மற்றவர்கள் தவறினால் பயிற்சி கொடுங்கள். ஆனால் கைக்கு மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். கை கற்றது மரத்தோடு போய்விடும், ஏன் என்று கற்றதுதான் அடுத்த வேலைக்கும் ஆளோடு கூட வரும். தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தலைமுறை, பிள்ளைகளை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று துடித்தது. அவர்களுக்கு மறுக்கப்பட்டது எது என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.