கடலைக்குச் சோளத்தின் காவல்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோடு மதுராந்தகம், திண்டிவனம் வரை விரியும் நிலத்தில், வீட்டுமனைகள் விழுங்காத பகுதிகளில், இன்றும் நிலக்கடலை விளைகிறது. அப்பயிரைத் தாக்கும் மொட்டுக் கருகல் நோயை இலைப்பேன் என்னும் நுண்பூச்சி பரப்புகிறது. தக்காளியைத் தாக்கும் ஒரு நச்சுயிரியே, அதாவது வைரஸே, இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டு, 1992இல்தான் இந்நோயின் நச்சுயிரி தனி இனமென உறுதியாயிற்று. நுனிமொட்டு கருகிய செடியைத் தேற்றும் மருந்து கிடையாது. ஆகவே, வருமுன் காப்பதற்கான வழி தாவரங்களிடமே தேடப்பட்டது.

அத்தேடலின் வேர் பழையது. 1925இல் அமெரிக்காவின் மிசௌரி தாவரவியல் தோட்டத்தில் பி. எம். டக்கரும் ஜே. கே. ஆம்ஸ்ட்ராங்கும், போக்வீட் என்னும் களைச்செடியின் சாறு கலந்தால் புகையிலைத் தேமல் நச்சுயிரி தொற்றும் திறனை இழப்பதைக் கண்டனர். உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைச் செயலிழக்கச் செய்யும் புரதமொன்று அச்சாற்றில் இருப்பது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. நோய் வருமுன்பே செடி இருப்பில் வைத்திருக்கும் இத்தகைய தடைப்பொருள்களைப் பற்றி, இன்று கிண்டி வளாகத்தில் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த ஏ. மகாதேவன் 1982இல் தனி நூலே எழுதினார்.

அதே காலத்தில் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நாராயணசாமியும் ராமையாவும் சோள இலையிலும் தென்னை ஓலையிலும் நச்சுயிரியைத் தடுக்கும் பொருள் இருப்பதை ஆராய்ந்தனர். அவ்வாய்விலிருந்து வளர்ந்த பரிந்துரை எந்த உழவரும் செய்யக்கூடியது: உலர்த்திப் பொடித்த இலை ஒரு கிலோவை இரண்டு லிட்டர் நீரில் கலந்து, 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து, வடிகட்டிப் பத்து லிட்டராகப் பெருக்கி, கடலை விதைத்த பத்தாம் நாளும் மீண்டும் பத்து நாள் கழித்தும் தெளிக்க வேண்டும். இத்தகைய சாறுகள் புகுந்த நச்சுயிரியை விரட்டுவதில்லை, புகவிடாமல் தடுக்கவே உதவுகின்றன என்பதால், செடி இளையதாய் இருக்கும்போதே தெளிப்பதில்தான் இம்முறையின் நுட்பம் அடங்கியுள்ளது.

நச்சுயிரி புகுந்தபின் செடி வேறொரு படைக்கலத்தை எடுக்கிறது. புகையிலையின் கீழிலைகள் நோயுற்றிருக்க, புதிதாகத் துளிர்த்தவை நலமாயிருந்ததை 1928இல் வின்கார்ட் என்னும் ஆய்வாளர் பதிவு செய்தார். நச்சுயிரியின் ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கி, அத்துண்டுகளையே அடையாளமாகக் கொண்டு எஞ்சியதையும் அழிக்கும் ஆர்.என்.ஏ. அமைதிப்படுத்தல் என்னும் வழிமுறையே அதற்குக் காரணம் என்பது 1990களின் இறுதியில்தான் விளங்கியது. ஆனால், கடலையின் நச்சுயிரியோ என்.எஸ்.எஸ். என்னும் புரதத்தை உண்டாக்கி, அந்த வழிமுறையையே முடக்கப் பார்க்கிறது.