வாத்தியமா, ஆயுதமா?

1746-ம் ஆண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரம். கூண்டில் நிற்பவர் பெயர் ஜேம்ஸ் ரீட். குற்றச்சாட்டு, ராஜத் துரோகம். அவர் தரப்பு சொன்ன வாதம் ரொம்ப சிம்பிள். நான் துப்பாக்கி தூக்கவில்லை, வாள் எடுக்கவில்லை, வாத்தியம்தான் வாசித்தேன்.

அந்த வாத்தியத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜனவரி 29 அன்று டெல்லியில் நடக்கும் 'பீட்டிங் ரெட்ரீட்' நிகழ்ச்சியில், கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு ஊதியபடி வருவார்களே... அதேதான். பேக்பைப்!

முதல் வருஷம் ஸ்காட்லாந்தில் ஒரு கலகம். சிம்மாசனத்தை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ், மலைநாட்டு வீரர்களோடு இங்கிலாந்துக்குள் புகுந்து, பாதி வழியில் திரும்பிவிட்டார். அவர் கார்லைல் கோட்டையில் விட்டுப்போன படையோடு மாட்டிக்கொண்டவர்தான் ரீட். 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் மைதானத்தில் கலகத்தின் கதை மொத்தமாக முடிந்தது. அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்!

பாவம், வெறும் வாத்தியக்காரர்தானே என்று விட்டார்களா? இல்லை. மலைநாட்டுப் படை எதுவும் பைப்பர் இல்லாமல் போருக்குக் கிளம்பியதில்லை, ஆகவே சட்டத்தின் பார்வையில் பேக்பைப் ஒரு போர்க்கருவி என்றது கோர்ட். நவம்பரில் ரீடைத் தூக்கில் போட்டார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பையில்? காற்றுதான். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதிப் பையை நிரப்ப வேண்டும், கையால் அமுக்க வேண்டும். கீழே தொங்கும் குழலில் விரல்கள் ராகம் வாசிக்கும். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள், நம்ம நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் மாதிரி, விடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாசிப்பவர் மூச்சு வாங்கலாம். வாத்தியம் வாங்காது!

மொத்தமே ஒன்பது ஸ்வரங்கள். காமர்ஸ் படித்த எனக்கே மனப்பாடமாகும் கணக்கு. ஆனால், நடுவில் சத்தத்தை நிறுத்த வழியில்லை என்பதால், ஒரே ஸ்வரத்தை இரண்டு தடவை வாசிக்கக்கூட இடையில் ஒரு குட்டி ஸ்வரத்தைச் சொருகியாக வேண்டும். வித்தையே அங்கேதான் இருக்கிறது. ஸ்கை தீவின் மக்ரிமன் குடும்பம் போன்ற பரம்பரை வித்வான்கள் அதைப் புத்தகம் வைத்துச் சொல்லித்தரவில்லை. வாயாலேயே பாடிக் காட்டினார்கள். நம்மூர் கொன்னக்கோல் போல, ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு சொல்.

இது ஸ்காட்லாந்துக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்தால், ஸாரி. ரோமாபுரி நீரோவே தோல் பை வாத்தியக்காரனாக மேடையேற ஆசைப்பட்டான் என்று எழுதிவைத்திருக்கிறார் சூட்டோனியஸ். ஸ்பெயினில் உண்டு, பல்கேரியாவில் உண்டு. இன்றைக்கு பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள்.

இன்னொரு கதையும் உலவுகிறது. கல்லோடனுக்குப் பிறகு பேக்பைப்பையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 1746 சட்டம் ஆயுதங்களையும் மலைநாட்டு உடையையும் தடை செய்ததே தவிர, பேக்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. தடை போடுவதாவது! அதே மலைநாட்டு ஆட்களைப் பட்டாளத்தில் சேர்த்து, பைப்பரை முன்னால் நடக்கவிட்டு, உலகமெல்லாம் சண்டை போட்டது பிரிட்டன். முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து முதலில் வெளியே வந்து, நூற்றுக்கணக்கில் செத்தார்கள் பைப்பர்கள். கையில் ஆயுதம் இல்லாத போர்க்கருவிகள்!

அதனால் இரண்டாம் உலகப் போரில், போர்முனையில் பைப்பர்கள் வாசிக்கக் கூடாது என்று லண்டனில் உத்தரவு. 1944 ஜூன் 6, நார்மண்டி கடற்கரை. கமாண்டோ தளபதி லோவாட் பிரபு, தன் பைப்பர் பில் மில்லினை வாசிக்கச் சொன்னார். உத்தரவு இருக்கிறதே என்று இழுத்தார் மில்லின். அது இங்கிலீஷ்காரன் போட்ட உத்தரவு, நாம் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றார் லோவாட். குண்டுகள் பறக்க, அப்பாவின் பழைய கில்ட்டைக் கட்டிக்கொண்டு, கரையில் இப்படியும் அப்படியும் நடந்தபடி வாசித்தார் அந்த 21 வயதுப் பையன். ஏன் சுடவில்லை என்று பிடிபட்ட ஜெர்மானியர்களிடம் பிற்பாடு விசாரித்தபோது, பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டோம் என்றார்களாம்.

ரீட் வழக்கு அதோடு முடியவில்லை. 1996-ல், லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவில் அனுமதியில்லாமல் வாத்தியம் வாசித்ததாக ஒரு பேக்பைப்காரரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். மனிதர் 1746 தீர்ப்பை எடுத்து நீட்டினார். 'இது வாத்தியமே இல்லை, போர்க்கருவி!' போர்க்காலத்தில் வேண்டுமானால் அப்படி, சமாதான காலத்தில் இது வாத்தியம்தான் என்று சொல்லிவிட்டார் மாஜிஸ்திரேட்.

ரீடுக்கு அந்தத் தீர்ப்பு 250 வருஷம் லேட்.